இருபது குடம் பிடிக்கும் வீடு

லாரி அன்றைக்கும் வரவில்லை.

தெருவின் கடைசியில் குடங்கள் மட்டும் வரிசையாக நின்றன. நீலம், பச்சை, ஆரஞ்சு என்று ஒரு வீட்டுக்கு ஒரு குடம். நாகல் நகரில் அந்தச் சந்துக்காரர்கள் லாரித் தண்ணீருக்கு வைத்திருந்த வழக்கம் அது. வீடு பெரிதோ சிறிதோ, வீட்டில் பத்துப் பேரோ இரண்டு பேரோ, வரிசையில் இடம் பிடிக்க ஒரே ஒரு குடம்தான் வைக்கலாம். தன் முறை வந்த பிறகு மற்ற குடங்களைக் கொண்டுவந்து பிடித்துக்கொள்ளலாம்.

வரிசையில் நிற்கும் குடத்தை யாரும் நகர்த்த மாட்டார்கள். நகர்த்தினால் கமர்ஜஹான் மாமியின் வாயிலிருந்து தப்ப முடியாது.

ஹுஸ்னா மொட்டை மாடியில் நின்று அந்தக் குடங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வீடு தெருவின் முதல் வீடு. அவர்கள் வீட்டுக் குடம் மட்டும் அந்த வரிசையில் கிடையாது. தேவைப்பட்டதே இல்லை.

லாரி ஏன் நின்றது என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

கீழே ஒரு பைக் வந்து நின்றது. தண்ணீர் அலுவலகத்து செபஸ்தியான் சார். பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். ஹுஸ்னாவும் படியிறங்கி ஓடினாள்.

"ஏன் சார் லாரி வரல? குழாய்த் தண்ணி வர்றதே வாரத்துக்கு ஒரு தடவை. அதுவும் எங்க வீட்டுக்கு நாலு குடத்தோட நின்னு போயிருது. எம்புட்டு நாளு சார் இப்படி இருக்கிறது?" என்று கேட்டார் ராமுத்தாய் அக்கா. கடைசி வீட்டில் குடியிருப்பவர். ஹுஸ்னாவின் தோழி மணிமேகலையின் அம்மா.

"கோவப்படாதீங்கக்கா. எங்ககிட்ட இருக்கிறது ஒரே லாரி. அடுத்த தெருவுல பைப்பு உடைஞ்சு கிடக்கு. உங்க தெருவுலதான் குழாய்ல வீட்டுக்கு இருபது குடம் கிடைக்குதே!"

"இருபதா?" கமர்ஜஹான் மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "எந்த மகராசன் சொன்னான்? அவனைக் கூட்டிட்டு வாங்க, நாங்களும் பார்க்குறோம்."

செபஸ்தியான் சார் போனை எடுத்தார். ஒரு படத்தைத் தேடிப் பெரிதாக்கி எல்லாருக்கும் காட்டினார்.

"மகராசன் இல்லம்மா, மகராசி. உங்க தெருப் பிள்ளைதான். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. வீடு வீடா விசாரிச்சு எழுதி வச்சிருந்துச்சு. கணக்கு டீச்சரே பாராட்டுனாங்க."

படத்தில் ஒரு சார்ட். 'எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குச் சராசரியாக 20 குடம்' என்று வண்ண எழுத்தில் இருந்தது. பக்கத்தில் இரட்டைச் சடையோடு ஒரு பெண் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

அது ஹுஸ்னா.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கமர்ஜஹான் மாமியே பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராமுத்தாய் அக்கா குனிந்து தன் காலிக் குடத்தை எடுத்தார்.

"சின்னப் பிள்ளை. தெரிஞ்சா செஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் திட்டியிருந்தால்கூட ஹுஸ்னாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"சனிக்கிழமை வால்வு பார்க்க வாரேன். அப்பப் பேசிக்குவோம்" என்று சொல்லிவிட்டு செபஸ்தியான் சார் கிளம்பிவிட்டார்.

ஹுஸ்னா வீட்டுக்குள் போய்க் கணக்கைத் திரும்பப் போட்டாள். எங்காவது தப்பு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போட்டாள். தெருவில் பதினொரு வீடுகள். எல்லா வீட்டுக் குடங்களையும் கூட்டினால் இருநூற்று இருபது. பதினொன்றால் வகுத்தால் இருபது.

மறுபடியும் கூட்டினாள். மறுபடியும் இருபது.

கணக்கு சரியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் வகுப்பு தொடங்கும் முன்பே கணக்கு டீச்சர் பழனியம்மாளிடம் போனாள்.

"டீச்சர், என் சார்ட்டுல தப்பு இருக்கா?"

டீச்சர் பார்த்தார். "இல்லையே, கூட்டுச் சராசரி சரியாத்தான் போட்டிருக்க. ஏன் முகம் இப்படி வாடிக் கிடக்கு?"

ஹுஸ்னா ஒன்றும் இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

சராசரிப் பாடத்தில் மூன்று வழிகள் இருந்தன. கூட்டி வகுத்தால் கூட்டுச் சராசரி. எண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்தால் இடைநிலை. அதிக முறை வருகிற எண் முகடு. "மூணுல உங்க விவரத்துக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கோங்க" என்று சார்ட் போடச் சொன்ன அன்றைக்கே டீச்சர் சொல்லியிருந்தார்.

ஹுஸ்னாவுக்கு முகடு சரிப்படவில்லை. நான்கு, ஐந்து, ஆறு மூன்றும் ஆளுக்கு இரண்டு முறை வந்து முட்டிக்கொண்டு நின்றன. இடைநிலை ரொம்பச் சுலபமாக இருந்தது. கூட்ட வேண்டாம், வகுக்க வேண்டாம், நடுவில் தொட்டு எடுத்தால் போதும். சோம்பேறித்தனம் என்று டீச்சர் நினைத்துவிட்டால்? அதனால் பெரிய கணக்காகப் பார்த்துச் சராசரியை எடுத்தாள். மீதி இல்லாமல் அழகாக இருபது வந்ததும் அவளுக்கு ஒரே பெருமை.

வகுப்பில் அவள் பக்கத்தில் மணிமேகலையின் இடம் காலியாக இருந்தது.

முதல் வகுப்பு முடியும்போது மணிமேகலை மூச்சு வாங்க வந்து வாசலில் நின்றாள். சட்டையின் தோள்பட்டை நனைந்திருந்தது. இரண்டு தெரு தள்ளிப் போய்க் குடத்தில் தண்ணீர் சுமந்து வந்திருக்கிறாள். அவளுக்கு முழங்கால் வரை முடி. அதை அலசத் தண்ணீர் இல்லாமல் எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னியிருந்தாள். பின் பெஞ்சில் யாரோ மூக்கைப் பிடித்தார்கள். மணிமேகலை பார்த்துவிட்டாள். பார்க்காதது மாதிரி வந்து, ஹுஸ்னாவின் பக்கத்தில் உட்காராமல், ஓரத்தில் இருந்த பெஞ்சுக்குப் போனாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் ஹுஸ்னா அவள் எதிரே போய் நின்றாள்.

"மணி, நான் வேணும்னு செய்யலடி."

மணிமேகலை டப்பாவை மூடினாள்.

"நாங்க வீட்டைக் காலி பண்ணப் போறோம்."

"என்னது?"

"இந்த மாசக் கடைசியோட. அம்மா மில்லு ஷிப்ட்டு முடிஞ்சு வந்தா கையெல்லாம் பஞ்சு, தலையெல்லாம் பஞ்சு. கழுவக்கூடத் தண்ணி இல்ல. சேவுகம்பட்டிக்கே போயிருவோம்னு சொல்லிருச்சு. அங்க மாமா வீட்டுல கெணறு இருக்கு."

"அப்ப ஸ்கூலு?"

"அங்கயும் ஸ்கூலு இருக்கும்ல."

"நான் திரும்பப் போட்டுப் பார்த்தேன் மணி. கணக்கு சரியாத்தான்..."

"சரியா இருக்கா?" மணிமேகலை நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "அப்ப அந்த இருபது குடம் பிடிக்கிற வீடு எது? நம்ம தெருவுல எந்த வீடு? காட்டு. நான் போய் ரெண்டு குடம் கடன் கேட்டு வாங்கிக்கிறேன்."

ஹுஸ்னா மனசுக்குள் வீடு வீடாக எண்ணிப் பார்த்தாள்.

மணிமேகலை வீடு, நாலு. தையல்காரர் முத்துச்சாமி வீடு, ஆறு. கமர்ஜஹான் மாமி வீடு, பதினைந்து. அதுவும் மாமி செம்பு, குக்கர், பிள்ளையின் தண்ணீர் பாட்டில் வரை நிரப்பிச் சொன்ன கணக்கு.

இருபது குடம் பிடிக்கும் வீடு ஒன்றுகூட இல்லை.

சாயங்காலம் ஹுஸ்னா தெருவுக்குள் நுழைந்தபோது குடங்கள் அப்படியே நின்றன. லாரி வராது என்று தெரிந்தும் யாருக்கும் எடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. வெயிலில் பிளாஸ்டிக் சூடேறிக் கிடந்தது.

அவள் நின்று பார்த்தாள். ஒரு வீட்டுக்கு ஒரு குடம். பெரிய வீடு, சின்ன வீடு, எல்லாவற்றுக்கும் வரிசையில் ஒரே ஓர் இடம்.

இந்த வரிசையில் அவளுடைய வீட்டுக் குடமும் இருந்தால்?

அவர்கள் வீட்டுக்கு எத்தனை குடம் என்று யோசித்தாள். உடனே வீட்டுக்கு ஓடினாள்.

வீட்டுக்குள், தரைக்கடியில் இருந்த சம்ப்புத் தொட்டியிலிருந்து தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆக்கிக் கொடுப்பதுதான் அவள் அத்தா அப்துல் ஜப்பாரின் தொழில். கொல்லையில் அவர் தேக்சா என்ற பெரிய பிரியாணிப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயிலிருந்து விழுந்த தண்ணீர் கல்லில் வழிந்து சாக்கடைக்குப் போனது.

"அத்தா, லாரி வரிசையில நம்ம வீட்டுக்கும் ஒண்ணு வைக்கணும்."

"நாம எதுக்கும்மா நிக்கணும்? சம்ப்பு ரொம்பித்தானே இருக்கு."

"அதுக்குத்தான் அத்தா."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். செபஸ்தியான் சாரின் போன், மணிமேகலை காலி செய்யப்போவது, இருபது குடம் பிடிக்கும் வீடு எங்கேயுமே இல்லாதது. சனிக்கிழமை எல்லா வீட்டுக் குடத்தையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் அந்த வீட்டுக்குக் கிடைக்கும் எண்ணைச் சாக்பீஸால் எழுதப்போவதையும் சொன்னாள்.

"நம்மளுதுல எம்புட்டு எழுதுவ?"

"நூத்தம்பது. நான் கேட்டப்ப நீங்கதான் சொன்னீங்க. சம்ப்பு முழுக்க நூத்தம்பது குடம் புடிக்கும்னு."

அத்தாவின் கை நின்றது. "அதைத் தெருவுல எழுதி வைப்பியா? பார்க்கிறவங்க என்ன பேசுவாங்க?"

"தெரியல அத்தா. ஆனா மணி வீட்டு நாலையும் எழுதத்தானே போறேன்? அவங்களுக்கும் சங்கடமாத்தானே இருக்கும்?"

அத்தா தண்ணீர் வழிவதைப் பார்த்தார். பிறகு குழாயை மூடினார்.

"பெரிய தேக்சாவைத் தொடாத. ஞாயித்துக்கிழமை ஆர்டர் இருக்கு" என்றார். "அந்த நெளிஞ்சதை எடுத்துக்க."

சனிக்கிழமை காலையில் ஹுஸ்னா வீடு வீடாகப் போனாள். சில வீட்டில் கதவைத் திறந்து அவளைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "மறுபடியும் கணக்கா? போன தடவை எடுத்த கணக்கே போதும்மா" என்றார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "குடத்தை மட்டும் குடுங்க, போதும்" என்றாள்.

ராமுத்தாய் அக்கா மில்லுக்குப் போயிருந்தார். மணிமேகலைதான் கதவைத் திறந்தாள். வீட்டுக்குள் பாதி சாமான்கள் சாக்கில் கட்டிக் கிடந்தன. மணிமேகலை எதுவும் கேட்கவில்லை. நீலக் குடத்தைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செபஸ்தியான் சார் வந்தபோது தெருவில் பத்துக் குடங்களும் ஒரு தேக்சாவும் நின்றன. மணிமேகலையின் குடத்தில் தொடங்கி, எண் ஏறிக்கொண்டே போய், கடைசியில் ஹுஸ்னா வீட்டுத் தேக்சா. தெருவே கூடி நின்றது.

"என்ன பாப்பா, மறுபடியும் கண்காட்சியா?"

"சார், அந்த சார்ட்டு..." ஹுஸ்னா வரிசையைக் கை காட்டினாள். "இந்த வரிசையில இருபதுன்னு எழுதின குடத்தைக் காட்டுங்க சார்."

அவர் சிரித்துக்கொண்டே நடந்தார். நாலு, நாலு, ஐந்து, ஐந்து, ஆறு, ஆறு, ஏழு, எட்டு, பத்து, பதினைந்து. அங்கே சிரிப்பு குறைந்தது. அடுத்தது நூற்றைம்பது.

"இருபதைக் காணோமே!"

"நாங்களும் அதைத்தான் சார் தேடிக்கிட்டு இருக்கோம்" என்றார் கமர்ஜஹான் மாமி.

"அப்ப நீ போட்ட கணக்கு தப்பாம்மா?"

"கணக்கு தப்பில்ல சார். தெருவுக்கு மொத்தம் எம்புட்டுத் தண்ணி வருதுன்னு கேட்டா அது சரிதான். ஆனா நீங்க பார்க்க வேண்டியது, இங்க ஒரு வீட்டுக்கு எம்புட்டு கிடைக்குதுன்னு. அதுக்கு அந்த வழி பொருந்தல. ஒரே வீட்டுத் தண்ணியை எல்லாருக்கும் பங்கு போட்ட மாதிரி காட்டிருச்சு. யாரும் பங்கு போடல."

அவள் கீழே குனிந்தாள். "இப்ப இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணா எடுப்போம் சார். நடுவுல எது மிஞ்சுதோ அதுதான் நம்ம தெருவுல ஒரு சாதாரண வீடு."

இந்தப் பக்கத்திலிருந்து நீலக் குடத்தை அவள் எடுத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து தேக்சாவை எடுக்க வேண்டும். அது கனம். யார் எடுப்பது என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தா வந்தார். தேக்சாவைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

"என் வீட்டுதுதான் சார்" என்றார். யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. "தண்ணி திறந்த உடனே குழாய்ல மொத ஆளா மோட்டாரைப் போட்டு உறிஞ்சுறது நான்தான்."

அடுத்த குடத்தை ஹுஸ்னா எடுத்தாள். அந்தப் பக்கம் கமர்ஜஹான் மாமி தன் பதினைந்தை எடுத்துக்கொண்டார். இப்படியே இரண்டு பக்கமும் குறைந்து குறைந்து, தெருவின் நடுவில் ஒற்றைப் பச்சைக் குடம் நின்றது. வாய் நசுங்கிய குடம்.

ஆறு.

"அட, என் குடம்!" என்றார் தையல்காரர் முத்துச்சாமி. "வாழ்க்கையில மொத தடவையா நான் ஜெயிச்சிருக்கேன். அதுவும் தண்ணி இல்லாம."

சிலர் சிரித்தார்கள். ஹுஸ்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. செபஸ்தியான் சாரின் முகத்தையே பார்த்தாள்.

அவர் அந்தக் குடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு போனை எடுத்துப் பழைய படத்தை அழித்தார். தனியாக நின்ற பச்சைக் குடத்தைப் படம் எடுத்தார்.

"ஆறு குடத்துல ஒரு வாரம் ஓட்டணும்னா கஷ்டம்தான்" என்றார். "ஆனா பொய் சொல்ல மாட்டேன் பாப்பா. லாரி ஒண்ணுதான். அங்கயும் ஜனங்க தவிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஒரு நாள் அங்க, ஒரு நாள் இங்கன்னு அனுப்பப் பார்க்குறேன். பழையபடி தினமும் வராது."

அவ்வளவுதான். கைதட்டல் எதுவும் இல்லை. ஆளுக்கொரு காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள்.

ஹுஸ்னா நீலக் குடத்தைக் கடைசி வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனாள். கதவு சாத்தியிருந்தது. தட்டலாமா என்று யோசித்தாள். தட்டாமல் வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த தடவை குழாயில் தண்ணீர் வந்த காலையில், ஹுஸ்னா எழுந்து வெகுநேரமாகியும் வீட்டில் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று யோசித்துப் பார்த்தாள். மோட்டார் சத்தம்.

அத்தா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பார்வை தெருவின் கடைசியில் இருந்தது.

"மோட்டார் போடலையா அத்தா?"

"அந்தக் கடைசி வீட்டு அக்கா புடிச்சு முடிக்கட்டும்" என்றார். பிறகு முணுமுணுத்தார், "இன்னைக்கு அரிசி கழுவ நான் யார் வீட்டுல குடம் கேட்கப் போறேனோ!"

"கமர்ஜஹான் மாமி வீட்டுல குக்கர்ல இருக்கும் அத்தா."

வெகு நாட்களுக்குப் பிறகு அத்தா சிரித்தார்.

ஹுஸ்னா பள்ளிக்குப் போனாள். ஓரத்து பெஞ்சு காலியாக இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் கணக்குப் புத்தகத்தில், சார்ட்டுக்காகச் சராசரி போட்டு வைத்திருந்த பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். மாதக் கடைசி நெருங்கிவிட்டது. சாக்கில் கட்டிய சாமான்கள் கண்ணுக்குள்ளேயே நின்றன.

முதல் மணி இன்னும் அடிக்கவில்லை. பக்கத்தில் யாரோ பையை வைத்தார்கள்.

"தள்ளி உட்காருடி."

ஹுஸ்னா தள்ளி உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"அம்மா சாக்கைப் பிரிச்சிருச்சு. இந்த மாசம் போகல. அடுத்த மாசம் எப்படின்னு தெரியல."

"ம்."

"பச்சைக் குடத்தைப் பத்திக் கமர்ஜஹான் மாமி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது. அடுத்த தெருவுலயும் இந்த மாதிரி வரிசை வச்சுப் பார்க்கணுமாம். தண்ணி ஆபீசு சார் உன்னைக் கேட்டாராம். போவியா?"

"நீ வந்தா போறேன்."

மணிமேகலை புத்தகத்தைப் பார்க்கக் குனிந்தாள். பின்னாமல் விட்டிருந்த அவள் முடி தோளைத் தாண்டிச் சரிந்து ஹுஸ்னாவின் பக்கத்தில் விழுந்தது.

சீயக்காய் மணந்தது. முடி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டி, இருபது என்று எழுதியிருந்த இடத்தில் விழுந்து மையைக் கரைத்தது. ஹுஸ்னா அதைத் துடைக்கவில்லை.